எஸ்ஆர்டியா, விடிடியா?

வீடியோவுக்கான வசனங்களை (சப்டைட்டில்) தட்டச்சு செய்து முடித்த பிறகு, எஸ்ஆர்டி (.srt), விடிடி (.vtt) இரண்டில் எந்தக் கோப்பாகச் சேமிப்பது என்று பலர் திணறுகிறார்கள். இரண்டுமே நோட்பேடில் திறக்கும் வெறும் எழுத்துக் கோப்புகள்தான். செலவும் கிடையாது.

எழுதும் முறை
எஸ்ஆர்டி: வரிசை எண், நேரம், வசனம், பிறகு ஒரு வெற்று வரி. நேரத்தில் காற்புள்ளி வரும்: 00:01:15,200.
விடிடி: முதல் வரியில் 'WEBVTT' என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருந்தாக வேண்டும். நேரத்தில் புள்ளி: 00:01:15.200. வரிசை எண் கட்டாயமில்லை.

கோப்பின் பின்னொட்டை மட்டும் .srt-இலிருந்து .vtt என்று மாற்றிவிட்டு "ஏன் வசனம் வரவில்லை?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இந்த முதல் வரியிலும் காற்புள்ளியிலும்தான் மாட்டியிருப்பார்கள். எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற இலவச மென்பொருள் இருந்தால் ஒரே கட்டளையில் சரியாக மாற்றித் தந்துவிடும்.

தமிழ் எழுத்து
எஸ்ஆர்டி: எந்தக் குறியாக்கம் (எழுத்துகளைக் கணினி சேமிக்கும் முறை) என்று சொல்ல அதில் இடமே இல்லை. தவறாகச் சேமித்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறிகளாகிவிடும். யுடிஎஃப்-8 என்று பார்த்துச் சேமியுங்கள்.
விடிடி: யுடிஎஃப்-8 மட்டும்தான். எந்தக் குறியாக்கம் என்ற குழப்பம் இல்லை.

தோற்றம்
எஸ்ஆர்டி: சாய்வு, தடிப்பு போன்ற சில குறிகள், அதுவும் பிளேயர் மனம் வைத்தால்.
விடிடி: திரையில் இடம், நிறம் எல்லாம் குறிக்கலாம்.

பென்டிரைவில் போட்டு டிவியில் பார்க்க, நண்பருக்கு அனுப்ப எஸ்ஆர்டி போதும். வீடியோவுக்கும் அதற்கும் ஒரே பெயர் வையுங்கள். சொந்த இணையதளத்தில் வீடியோ போடுகிறீர்களா? உலாவிகள் நேரடியாகப் படிப்பது விடிடியைத்தான். யூடியூப் இரண்டையும் ஏற்கும்.