அந்த 50 என்னுடைய கிரீமுக்கு உரியது அல்ல

என்னிடம் சன்ஸ்கிரீன் வாங்கியவர்கள் மற்றதையெல்லாம் பிறகு படியுங்கள். ட்யூபின் மடிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அங்கே 0417 என்ற தொகுதி எண் இருந்தால் இனி அதைப் பூசாதீர்கள், குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். லேபிளில் எஸ்பிஎஃப் 50 என்று இருக்கிறது, வெயிலில் தோல் சிவப்பதை எந்த அளவுக்குத் தடுக்கும் என்று சொல்லும் எண் அது. சோதித்தபோது கிடைத்தது 12.

சொந்தப் பெயரில் சன்ஸ்கிரீன் விற்கலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன் மீதியையும் படித்துவிடுங்கள்.

ஆறு ஆண்டுகளாகக் கையால் சோப்பும் உதட்டுத் தைலமும் செய்து விற்கிறேன். "அக்கா, சன்ஸ்கிரீன் எப்போது போடுவீர்கள்?" என்று கேட்காத வாடிக்கையாளர் குறைவு. அதை வீட்டில் கலக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். வெயிலைத் தடுக்கும் துத்தநாக ஆக்சைடுப் பொடியை எண்ணெயில் போட்டுக் கிளறினால் பார்வைக்கு ஒரே சீராகத்தான் இருக்கும். தோலில் தேய்க்கும்போது பொடி திட்டுத்திட்டாகச் சேர்ந்துகொள்ளும், இடைவெளியில் வெறும் எண்ணெய்தான் நிற்கும். வெயில் அந்த இடைவெளி வழியாக உள்ளே போய்விடும். அதனால்தான் ஒப்பந்தத் தயாரிப்பாளர் ஒருவரைத் தேடினேன்.

கிடைத்த நிறுவனம் எனக்கு முதலில் அனுப்பியது ஒரு சந்தை அறிக்கை. உலகச் சன்ஸ்கிரீன் சந்தை இன்று இத்தனை கோடி டாலர், ஐந்து ஆண்டில் இத்தனையாக வளரும், அன்றாட முகப்பூச்சாக விற்பதே இனி எதிர்காலம் என்று பக்கம் பக்கமாக வரைபடங்கள். பின்னால் நானே தேடிப் பார்த்தபோது ஒரே ஆண்டுக்கு ஒவ்வோர் அறிக்கையும் ஒவ்வொரு தொகையைச் சொல்கிறது என்று கண்டேன். எஸ்பிஎஃப் சேர்த்த முகக் கிரீமையும் உதட்டுத் தைலத்தையும் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பதிலேயே தொகை மாறிவிடும். அப்போது எனக்கு அது தோன்றவில்லை. ஏறிக்கொண்டே போகும் கோட்டைப் பார்த்து மயங்கிவிட்டேன். அத்தனை பக்கங்களில், விற்கப்படும் பொருள் தோலைக் காக்கிறதா என்று ஒரு வரிகூட இல்லை.

அடுத்து வந்தது பேரம். அடிப்படைக் கலவை தயாராக இருக்கிறது, பல பிராண்டுகள் அதையே வாங்கிக்கொள்கின்றன, எஸ்பிஎஃப் 50, பிஏ நான்கு கூட்டல் குறி (ஆழமாக ஊடுருவும் யுவிஏ கதிரிலிருந்து காக்கும் அளவு), சோதனை அறிக்கை கையில் இருக்கிறது, உங்கள் லேபிளை ஒட்டினால் போதும் என்றார்கள். ஒரே கலவையைப் பலர் வாங்கி விற்பது இந்தத் தொழிலில் வழக்கமானதுதான், அதில் தவறில்லை. நான் இரண்டு மாற்றங்கள் கேட்டேன். வெள்ளை படியாமல் இருக்க மாநிறத்துக்கு ஏற்ற நிறமி, மெல்லிய வாசனை. "தாராளமாகச் செய்யலாம் மேடம், அதே அறிக்கை இதற்கும் பொருந்தும்" என்று பதில் வந்தது. அந்த ஒரு வாக்கியத்தை நம்பி 500 ட்யூப்களுக்குப் பணம் கட்டினேன்.

அந்த வாக்கியம் பொய். எஸ்பிஎஃப் என்பது மூலப்பொருள் பட்டியலைப் பார்த்துக் கணக்குப் போட்டுச் சொல்லும் எண் அன்று. ஐஎஸ்ஓ 24444 என்ற சர்வதேசச் சோதனை முறைப்படி, குறைந்தது பத்துப் பேரின் முதுகில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி, சூரிய ஒளியைப் போன்ற விளக்கொளியைப் படிப்படியாகக் கூட்டிக் காட்டி, மறுநாள் எந்த அளவில் தோல் சிவந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். பூசாத இடம் சிவக்கத் தேவைப்படும் அளவைப்போல் எத்தனை மடங்கு ஒளி தேவைப்பட்டதோ, அதுதான் எண். நிறமி, வாசனை எண்ணெய், பொடியின் மேற்பூச்சு, கலக்கும் இயந்திரத்தின் வேகம் என எதை மாற்றினாலும் தோலில் படியும் படலம் மாறலாம். படலம் மாறினால் எண்ணும் மாறும். மாற்றிய கலவையை மறுபடி சோதிக்காமல் பழைய எண்ணை அச்சிடுவது ஊகத்தை விற்பதுதான். அதை நான் விற்றேன்.

நான்கு மாதம் நன்றாகவே போனது. பிறகு ஒரு தாய் படம் அனுப்பினார். பள்ளி விளையாட்டுப் போட்டியில் பகல் முழுவதும் நின்ற பத்து வயது மகள். சட்டைக் கழுத்துக்கு வெளியே இருந்த தோல் முழுவதும் செக்கச்செவேல் என்று கன்றிப்போயிருந்தது. கிளம்பும்போது பூசினேன், நடுவில் இரண்டு முறை மறுபடி பூசினேன், ஏன் அக்கா இப்படி ஆனது என்று கேட்டிருந்தார். நான் எழுதிய பதிலை இன்று படித்தாலும் நெஞ்சு அடைக்கிறது. "அளவு போதாமல் இருந்திருக்கும் அம்மா, பலரும் குறைவாகத்தான் பூசுகிறார்கள்." பலர் குறைவாகப் பூசுவது உண்மைதான். ஆனால் அந்த உண்மையைத் தயாரிப்பாளர் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்த பதிலாகத்தான் அவர்மேல் திருப்பினேன். குழந்தைக்கு எரிகிறது என்று வந்தவரிடம், தவறு உங்களுடையது என்று சொல்லிவிட்டேன். அவர் அதற்கு மேல் எதுவும் எழுதவில்லை.

மூன்று வாரத்தில் இன்னும் இரண்டு பேர் எழுதினார்கள். அன்றே விற்பனையை நிறுத்தினேன். எந்தத் தயாரிப்பாளரோடும் தொடர்பில்லாத ஓர் ஆய்வகத்துக்கு மூடி திறக்காத ட்யூப்களை அனுப்பினேன். ஐந்து பேரிடம் செய்யும் முன்னோட்டச் சோதனைக்கே நான்கு மாத லாபம் போய்விட்டது. சராசரி 12 என்று வந்தது. 50 போட்ட இடத்தில் 12 என்றால் பாதுகாப்பு கொஞ்சம் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். எஸ்பிஎஃப் 50 சரியாகப் பூசப்பட்டால் சிவக்கவைக்கும் கதிரில் 2 சதவீதம் தோலுக்குள் போகும். 12 என்றால் 8 சதவீதத்துக்கு மேல் போகும். அந்தச் சிறுமியின் கழுத்து நான் வாக்களித்ததைப் போல் நான்கு மடங்கு வெயிலை வாங்கியிருக்கிறது.

அதற்குப் பிறகுதான், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். அவர்கள் தந்த அறிக்கையை வரிவரியாகப் படித்தேன். மாதிரியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குறியீடு. மாதிரியின் நிறம் "வெள்ளை". என் கிரீம் மண்ணிறம். சோதனைத் தேதி, நான் முதல் மின்னஞ்சல் அனுப்புவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முந்தையது. பத்துப் பேரின் எண்களும் ஏறக்குறைய ஒன்றே. மனிதத் தோலில் சோதித்தால் ஆளுக்கு ஆள் நன்றாகவே வேறுபடும், அப்படி வரிசையாக வராது. அறிக்கை எண்ணைக் குறிப்பிட்டு அந்த ஆய்வகத்துக்கே எழுதினேன். அது வேறொரு வாடிக்கையாளரின் வேறொரு பொருளுக்குக் கொடுத்தது, உங்கள் தயாரிப்பாளரின் பெயர் எங்கள் பதிவில் இல்லை என்று இரண்டே வரியில் பதில் வந்தது.

ஒரு மின்னஞ்சல். நான் விற்கத் தொடங்குவதற்கு முன் அனுப்பியிருந்தால் போதும்.

தயாரிப்பாளரிடம் கேட்டபோது ஆய்வகத்துக்கு ஆய்வகம் முடிவு மாறும் என்றார்கள். மாறும், ஆனால் 50 என்பது 12 ஆகாது. பிறகு ஒப்பந்தத்தின் பதினோராம் பிரிவைக் காட்டினார்கள். லேபிளில் சொல்லப்படும் அனைத்துக்கும் லேபிளின் உரிமையாளரே பொறுப்பு. பணம் திரும்பவில்லை. இப்போது என் எண்ணிலிருந்து போகும் அழைப்பை அவர்கள் எடுப்பதில்லை.

நான் ஒருத்தி ஏமாந்த கதை மட்டும் என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 2020 டிசம்பரில் எஸ்பிஎஃப் 50க்கு மேல் என்று விற்ற ஒரு கொரியக் கிரீம் ஐரோப்பிய ஆய்வகச் சோதனையில் 19 அளவுக்கே வந்தது. 2025 ஜூனில் ஆஸ்திரேலிய நுகர்வோர் அமைப்பான சாய்ஸ் 20 சன்ஸ்கிரீன்களைச் சோதித்தது. 16 தங்கள் லேபிளில் சொன்ன எண்ணை எட்டவில்லை. 50க்கு மேல் என்று போட்ட ஒன்றில் 4 மட்டுமே கிடைத்தது. அதைத் தொடர்ந்து நடந்த விசாரணையில், ஒரே அடிப்படைக் கலவையைப் பல பிராண்டுகள் வாங்கி விற்றதும் வெளியே வந்தது. சன்ஸ்கிரீன்களை மருந்தோடு சேர்த்துக் கண்காணிக்கும் நாட்டிலேயே இந்த நிலைமை. அமெரிக்காவிலும் அது கடையில் நேரடியாக வாங்கும் மருந்து. ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுசாதனம். ஒரே ட்யூப் எல்லை தாண்டியதும் வேறு சட்டத்துக்குள் போய்விடுகிறது, விதி தளர்வாக உள்ள இடத்தைத் தரகர்கள் நன்றாக அறிந்து வைத்திருக்கிறார்கள்.

ஆய்வகத்தின் பெயரைப் பார்த்ததும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். நியூயார்க் மாநிலத்தில் ஓர் ஆய்வகம், வாடிக்கையாளர் பணம் கட்டிய எண்ணிக்கையைவிடக் குறைவான பேரிடம் சன்ஸ்கிரீன்களைச் சோதித்துவிட்டு, முழு எண்ணிக்கையிலும் சோதித்ததாகப் பல ஆண்டுகள் எழுதிக்கொடுத்திருக்கிறது. அதன் உரிமையாளர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

ஆகவே, விற்க நினைப்பவர்களே, ட்யூபுக்குள் அடைக்கப்படும் அதே கலவையின் அறிக்கையைக் கேளுங்கள், நிறமியும் வாசனையும் சேர்த்த பிறகு எடுத்ததாக இருக்கட்டும். அறிக்கை எண்ணை வைத்து ஆய்வகத்திடம் நீங்களே விசாரியுங்கள், தயாரிப்பாளர் தரும் முகவரிக்கு எழுதாதீர்கள். முதல் தொகுதியில் ஒரு ட்யூபை வேறோர் ஆய்வகத்தில் சோதிக்கப் பணம் இல்லை என்றால், சன்ஸ்கிரீன் விற்கும் அளவுக்குப் பணம் இன்னும் உங்களிடம் சேரவில்லை. சோப்பு விற்றுக்கொண்டிருங்கள். நானும் அதற்குத்தான் திரும்பியிருக்கிறேன்.

வாங்கிப் பூசுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுச் சன்ஸ்கிரீனே வேண்டாம் என்று முடிவெடுத்தால் எனக்குத்தான் பாவம். அப்படிச் செய்யாதீர்கள். விற்பவரிடம் முழு அறிக்கையைக் கேளுங்கள். முகப்புப் பக்கத்தை மட்டும் அனுப்புகிறவரிடம் வாங்க வேண்டாம். தாராளமாகப் பூசியும் தோல் கன்றினால், குறைவாகப் பூசிவிட்டீர்கள் என்று எவர் சொன்னாலும் அடங்கிப்போகாமல், தொகுதி எண்ணோடு உங்கள் நாட்டின் கண்காணிப்பு அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

500 ட்யூப்களில் 138 விற்காமல் என்னிடமே இருந்தன. விற்ற 362 பேரின் பட்டியலை எடுத்து ஒவ்வொருவருக்கும் எழுதினேன். பணத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன். இதுவரை 245 பேர் பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தாயிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். மீதமுள்ள 117 ட்யூப்கள் யாருடைய கைப்பையிலோ, குளியலறை அலமாரியிலோ, பரிசாகக் கைமாறி எனக்குத் தெரியாத எவரிடமோ இருக்கின்றன. மண்ணிறக் கிரீம், மடிப்பில் 0417. பார்த்தால் எழுதுங்கள், ட்யூபைத் திருப்பி அனுப்பும் செலவும் என்னுடையது.