சங்கிலியா, பரவையா, ஆதிரையா: தம்பி மகளுக்குப் பெயர் தேடிய கதை

எங்கள் வீட்டில் குழந்தையின் காதில் மூன்று தடவை பெயரைச் சொல்வது அத்தையின் உரிமை. கார்த்திகையில் தம்பிக்குப் பெண் பிறந்தாள், ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில். அன்றைக்கு அந்த வார்டில் மட்டும் இரண்டு யாழினி. மூன்றாவது யாழினி வேண்டாம் என்று தம்பி மனைவி முதல் நாளே சொல்லிவிட்டாள். "யாரும் வைக்காத பேரா, ஆனா அர்த்தம் இருக்கற பேரா பாருங்க அண்ணி." முப்பதாம் நாள் தொட்டில். கையில் நான்கு வாரம் இருந்தது.

தம்பி போனில் தேடி ஒரு பட்டியல் கொண்டுவந்தான். பாதிப் பெயரில் ஷ இருந்தது, முக்கால்வாசிக்கு அர்த்தம் 'லட்சுமி' என்று போட்டிருந்தது. எந்த மொழி, என்ன வேர், இதற்கு முன் யார் வைத்திருந்தார்கள் என்று கேட்டால் ஒன்றுக்கும் பதில் இல்லை. இதை அரிய பெயர் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இது புதுப் பெயர், அவ்வளவுதான். அரிய பெயர் என்றால் அதை ஏற்கெனவே ஒருத்தி வைத்திருந்து வாழ்ந்திருக்க வேண்டும். நாம்தான் கூப்பிட மறந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட பெயர்களைத் தேட நாங்கள் எங்கும் போக வேண்டியதில்லை. எங்கள் வீடு திருவொற்றியூர் காலடிப்பேட்டையில், கோயிலுக்கு நடக்கிற தூரம்.

ஒவ்வொரு பெயரையும் மூன்று விதமாகப் பார்த்தோம். மாடியிலிருந்து கூப்பிட்டால் தெருமுனை வரை உடையாமல் போகிறதா? எழுதும்போது படுத்தாமல் இருக்கிறதா? பெண் வளர்ந்து, "உன் பேருக்கு என்ன அர்த்தம்?" என்று யாராவது கேட்டால் சொல்ல அவளுக்கு ஒரு கதை இருக்கிறதா? இரண்டாவது என் பிடிவாதம். என் பெயரில் ஒரு ழ உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அதற்கு 'எல்' போட்டார்கள், பாஸ்புக்கில் 'இசட் ஹெச்'. இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அலைந்தவள் நான். தெருவிலும் ழ எங்கள் பக்கம் ய ஆகிவிடும். வாழைப்பழத்தை வாயப்பயம் என்று சொல்லி வளர்ந்த ஊர் இது. அதனால் மகிழினி, எழில், குழலி எல்லாம் அழகாக இருந்தும் முதல் சுற்றிலேயே போயின. வருத்தம்தான்.

அம்மா கொண்டுவந்தது வடிவுடை. தியாகராசர் கோயில் அம்மன் பெயர். வடிவு என்றால் அழகு, வடிவுடை என்றால் அழகுடையவள். வள்ளலார் இந்த அம்மன்மேல் 101 பாட்டு பாடியிருக்கிறார். அப்போது அவர் இருந்தது இதே வடசென்னையில், ஏழுகிணறு வீராசாமி தெருவில். அங்கிருந்து ஒற்றியூருக்கு நடந்தே வந்து போவார் என்று சொல்லிச் சொல்லியே அம்மா எங்களை வளர்த்தார். கூப்பிடவும் சுருக்கம்: வடிவு. எழுத்திலும் சிக்கலில்லை. ஆனால் எங்கள் தெருவிலேயே வடிவு, வடிவம்மா என்று மூன்று பாட்டிகள் இருக்கிறார்கள். ஊருக்கு வெளியே அரிதாக இருக்கலாம், ஒற்றியூரில் அப்படியில்லை.

அம்மா விடவில்லை, இன்னும் இரண்டு பெயரைச் சேர்த்தார். பௌர்ணமி வெள்ளிக்கிழமையில் காலையில் மேலூர் திருவுடை அம்மன், உச்சியில் எங்கள் வடிவுடை, சாயங்காலம் திருமுல்லைவாயல் கொடியிடை என்று ஒரே நாளில் மூன்று கோயிலும் போய் வருவார்கள் இல்லையா, அந்த இருவர். கொடியிடைக்கு நான் உடனே வேண்டாம் என்றேன். ஒரு பெண் குழந்தையின் பெயர் அவள் இடுப்பை அளப்பதாக இருக்கக்கூடாது. அம்மனுக்குப் பக்தியோடு சூட்டியது, அது வேறு. பத்தாம் வகுப்பில் வருகைப் பதிவேட்டில் படிக்கும்போது வேறு. திருவுடை நல்ல பெயர். செல்வமும் சிறப்பும் உடையவள். பெண்ணுக்கு யாரும் வைத்து நான் பார்த்ததில்லை. இன்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால் திருவுடையைத்தான் முதலில் சொல்வேன். எங்கள் வீட்டில் அது எடுபடாததற்குக் காரணம், அதே அம்மன் வரிசையில் உள்ளூர் அம்மனை விட்டுவிட்டு மேலூர் அம்மன் பெயரை வைக்க அம்மாவுக்கே மனசு வரவில்லை.

நான் வைத்த போட்டி சங்கிலிக்கும் பரவைக்கும். இரண்டு பேரும் சுந்தரரின் மனைவிகள். பரவை திருவாரூர், சங்கிலி எங்கள் ஒற்றியூர். பெரியபுராணத்தில் இந்த இரண்டு பேரைப் பற்றியும் சேக்கிழார் எழுதியிருப்பதைப் படித்தால், ஒன்றை விட்டு ஒன்றை எடுக்க முடியாது.

சங்கிலியார் பிறந்தது செங்குன்றம் பக்கத்து ஞாயிறு கிராமத்தில். ஒற்றியூரில் கன்னிமாடத்தில் இருந்து கோயிலுக்கு மாலை தொடுத்தவர். சுந்தரர் பார்த்து, ஈசனிடமே பெண் கேட்டார். ஈசன் கனவில் வந்து சொன்னபோது சங்கிலி ஒரேயடியாகச் சம்மதிக்கவில்லை. அவருக்குத்தான் ஆரூரில் பரவை இருக்கிறாரே என்றார். சரி, உன்னைப் பிரியமாட்டேன் என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொள் என்று பதில் வந்தது. இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. சந்நிதியில் சத்தியம் செய்யும்போது நீங்கள் மகிழ மரத்தடிக்குப் போய்விடுங்கள் என்று சுந்தரர் ஈசனிடம் ரகசியமாகக் கேட்டுக்கொண்டார். ஈசன் சரி என்றார், அப்புறம் சங்கிலியின் கனவில் வந்து, சத்தியத்தை மகிழடியில் கேள் என்று சொல்லிவிட்டார். அவரும் அப்படியே கேட்டார். சுந்தரருக்கு வேறு வழியில்லை. பிறகு வசந்த விழாவுக்கு ஆரூர் நினைவு வந்து கிளம்பியவர், ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் இழந்தார். அந்த மகிழ மரம் இன்றும் கோயிலில் இருக்கிறது. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை நடக்கும்போது சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டுவார் அப்பா. பேசினால் பேச்சு நிற்க வேண்டும் என்று கேட்டு வாங்கின பெண்ணின் பெயர் சங்கிலி. எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்குமா?

ஆனாலும் இடித்தது. சொல், வடமொழிச் சிருங்கலாவிலிருந்து வந்தது. தொடர், பிணைப்பு என்று பொருள். அதில் தப்பில்லை. சங்கிலி கருப்பன் சாமியிலிருந்து யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலி வரை இந்தப் பெயரை ஆண்களும் எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கு 'சங்கிலி' என்றால் நம் தெருவில் முதலில் ஞாபகம் வருவது பைக்கில் வந்து பறித்துக்கொண்டு போவதுதான். தம்பி மனைவி அதைத்தான் சொன்னாள். "பேப்பர்ல தினம் சங்கிலி பறிப்புன்னு வருது அண்ணி, ஸ்கூல்ல புள்ளைங்க சும்மா விடுமா?"

பரவைக்கு அந்தக் குறை இல்லை. பரவுவது, பரந்து கிடப்பது, அதனால் கடல். சுத்தமான தமிழ்ச் சொல். பரவையாரின் பங்குனி உத்திரச் செலவுக்குப் பொன் வேண்டும் என்றுதான் சுந்தரர் திருப்புகலூர் போய், செங்கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்து, எழுந்தபோது அது பொன்னாகியிருந்த கதையே வருகிறது. பரவையார், கோயிலில் ஆடிப் பாடும் உருத்திர கணிகையர் குலத்தில் பிறந்தவர் என்று ஒரு பெரியவர் முகம் சுளித்தார். சேக்கிழாருக்கு இல்லாத தயக்கம் நமக்கெதற்கு என்று நான் அதைக் கணக்கில் எடுக்கவே இல்லை. நிஜமான சிக்கல் வேறு. மாடியில் நின்று 'பரவை' என்று கூப்பிட்டுப் பார்த்தேன். கீழே சைக்கிள் கடைக்காரர் நிமிர்ந்து, "இன்னாக்கா, புறாவ ஓட்டுறியா?" என்றார். எங்கள் வாயில் ரவும் றவும் ஒன்றுதான், சொன்னால் பறவை. எழுதிக் காட்டினால்தான் கடல். கொஞ்சம் வயதானவர்களுக்கு மதுரைப் பக்கத்துப் பரவை ஊரும், அந்த ஊர்ப் பெயரோடு பாடின முனியம்மாவும் நினைவுக்கு வரும், அது நல்ல நினைவுதான். 'ர'வையும் 'ற'வையும் விளக்கிக்கொண்டே வளர ஒரு பெண்ணுக்குத் தெம்பு இருந்தால், பரவையைப் போல அழகான பெயர் கிடையாது.

இந்த இருவருமே முற்பிறவியில் கயிலையில் தேவியின் தோழியர் என்று அதே புராணம் சொல்லும். பரவை கமலினி, சங்கிலி அனிந்திதை. அனிந்திதை என்றால் பழி சொல்ல இடமில்லாதவள். இதைச் சொன்னதும் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான், அவன் பட்டியலில் இருந்த பெயர்களைப் போலவே ஒலித்ததால். ஆனால் அனிந்திதா வங்காளத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. இங்கே அரிது, அங்கே சாதாரணம். ரயில் ஏறினால் மாறிப்போகிற அருமை.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர், சங்கத்துக்காரர். சிங்காரவேலர் 1923இல் மே தினம் கொண்டாடியது நம் சென்னையில்தான் என்பதை வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். அவர் தேர்வு வாலண்டினா. 1963 ஜூன் 16 அன்று வோஸ்டாக் 6இல் தனியாக ஏறி, பூமியை 48 தடவை சுற்றி வந்த தெரஷ்கோவாவின் பெயர். விண்வெளிக்குப் போன முதல் பெண், அதற்கு முன் நூற்பாலைத் தொழிலாளி. லத்தீனில் வலிமை, உடல்நலம் என்று வேர். லெனின், ஸ்டாலின் என்று ஆண் பிள்ளைகளுக்கு வைத்த நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு வாலண்டினா அந்நியமில்லை. கதை உண்டு, எழுத்தும் தெளிவு. கூப்பிடும்போது மட்டும் 'வாலு' ஆகிவிடும், நிச்சயம் ஆகிவிடும். அப்பா அதைக் கேட்டு மௌனமாகிவிட்டார். எனக்கும் கஷ்டமாக இருந்தது.

சங்க இலக்கியப் பெயர்களை வேகமாகப் பார்த்தோம். நச்செள்ளை: காக்கை கரைந்து விருந்து வந்ததைப் பாடிய காக்கைபாடினியார்; பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்துக்கு ஒன்பது காப் பொன்னும் நூறாயிரம் காணமும் பரிசு வாங்கியவர். நற்றன்மையைக் காட்டும் ந முன்னால் நிற்கிறது, நக்கீரரில் நிற்பதைப் போல. ஆனால் கேட்பவர் காதில் விழுவது நச்சு. அங்கவை, சங்கவை பாரி மகளிரின் பெயர்களாக வழிவழியாகச் சொல்லப்படுபவை. 2007இல் ஒரு படத்தில் நிறத்தை வைத்துக் கேலி செய்ய அந்தப் பெயர்களைப் பயன்படுத்தினார்கள். நிலவைப் பார்த்துத் தகப்பனை நினைத்து அழுத பெண்களின் பெயர் அது. நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. அந்தப் பாரத்தைக் குழந்தைமேல் வைக்க எனக்குத் துணிவில்லை.

நான் பரவைப் பக்கம் சாய்ந்திருந்தேன். கடைசி வாரம் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது தம்பி மனைவிதான் மெதுவாகச் சொன்னாள். "கடல் பேரு வேணாம் அண்ணி." அவள் காசிமேட்டுக்காரி. அவளுடைய பெரியப்பா போட்டில் போனவர், திரும்பவில்லை. அவள் எட்டாவது படிக்கும்போது நடந்தது. நான் இத்தனை நாள் அதை யோசிக்கவே இல்லை.

அப்போதுதான் ஆதிரையை எடுத்தேன். பட்டியலில் இருந்த பெயர்தான். நட்சத்திரப் பெயர் என்பதால், குழந்தை திருவாதிரையா என்று எல்லோரும் கேட்பார்கள் என்று ஓரம் வைத்திருந்தோம். வடமொழி ஆர்த்ரா, ஈரமானது என்று பொருள். மார்கழியில் களி செய்கிறோமே, அந்த ஆதிரை. ராத்திரி எங்கள் மாடியில் கடல் பக்கம் பார்த்தால் மூன்று நட்சத்திரம் வரிசையாக ஏறும். அதற்கு இடப்பக்கம் செக்கச் செவேலென்று ஒன்று நிற்கும், அதுதான்.

மணிமேகலையில் வரும் ஆதிரையின் கதையை எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னேன். புருஷன் சாதுவன் காசையெல்லாம் சூதிலும் வேறு வழியிலும் தொலைத்துவிட்டுக் கப்பலேறினான். கப்பல் உடைந்தது. தப்பி வந்தவர்கள், அவன் செத்துவிட்டான் என்றார்கள். ஆதிரை தீ மூட்டச் சொல்லி இறங்கினாள், தீ சுடவில்லை. அவன் உயிரோடு நாகர் மலையில் இருக்கிறான் என்று குரல் கேட்டது. வீட்டுக்குத் திரும்பிக் காத்திருந்தாள்.

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. "வந்துட்டானா?"

"வந்துட்டான். பாய்மரத் துண்டைப் புடிச்சுக் கரை ஏறி, அந்த ஊர் ஆளுங்களோட அவங்க பாஷையிலயே பேசி, வேற கப்பல்ல வந்துட்டான். மணிமேகலையோட அமுதசுரபியில முதல் சோறு போட்டதும் இந்த ஆதிரைதான்."

"அப்போ இதையே வைங்க அண்ணி."

எனக்கு அந்தக் கதையில் தீயில் இறங்குகிற பகுதி பிடிக்காது, அதையும் அவளிடம் சொன்னேன். அவளுக்கு, கடலில் போனவன் திரும்பி வந்ததே போதுமாக இருந்தது. மாடியில் நின்று கூப்பிட்டுப் பார்த்தோம். 'ஆதிரே' என்று போனது, தெருமுனை வரை உடையாமல் போனது.

முப்பதாம் நாள் காதில் மூன்று தடவை சொன்னேன். அம்மா இன்றும் வடிவு என்றுதான் கொஞ்சுகிறார், அப்பா ஆளில்லாத நேரத்தில் வாலண்டினா. பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க ஒரு வருஷம் வரை கட்டணமில்லை, அதனால் அவசரப்படவில்லை. முதல் எழுத்துக்கு இரண்டு 'ஏ'வா ஒன்றா என்று மட்டும் உட்கார்ந்து பேசி, ஒன்று என்று முடிவு செய்து, அதை ஒரு தாளில் எழுதிக் குடும்ப அட்டை வைக்கிற பையிலேயே வைத்திருக்கிறேன். இனி எந்த விண்ணப்பத்தை நிரப்பினாலும் அந்தத் தாளைப் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்று தம்பியிடம் சொல்லியாகிவிட்டது.