நாய்க்கு ஆன்லைனில் மருந்து கேட்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் படியுங்கள்

இன்று காலைதான் அப்புவை கிளினிக்கிலிருந்து தூக்கி வந்தேன். 14,600 ரூபாய் ஆனது. வயிறு எரிகிறது.

ஒன்பது வயது ஸ்பிட்ஸ், எட்டு கிலோ. பின்னங்காலை நொண்டினான். ஞாயிறு இரவு, பக்கத்தில் கிளினிக் எதுவும் திறந்திருக்கவில்லை. வீடியோவில் கால்நடை டாக்டரிடம் பேசவைக்கும் ஒரு ஆப்பில் 499 ரூபாய் கட்டினேன். வந்தவர் பொறுமையாகப் பேசினார், எடை கேட்டு எழுதிக்கொண்டார். "அப்பு, இங்க பாரு" என்று அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவனும் காதைத் தூக்கினான். அங்கேதான் நான் விழுந்தேன்.

சீட்டில் மெலாக்சிகாம் என்ற வலி மருந்து, சிரப்பாக, தினம் 5 மி.லி. என்று இருந்தது. இவ்வளவா என்று சாட்டில் கேட்டேன். "ஆமாம் மேடம், டோஸ் கரெக்ட்தான்." இரண்டு நாள் புகட்டினேன்.

மூன்றாம் நாள் வாந்தி, மலம் தார் மாதிரி கறுப்பு. கிளினிக் டாக்டர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். ஒரு மில்லியில் 1.5 மி.கி. மருந்து. தினசரி அளவு கிலோவுக்கு 0.1 மி.கி. என்றால் இவனுக்கு அரை மில்லிதான் வரும். ஒரு புள்ளி விட்டுப்போய், பத்து மடங்கு! வயிற்றில் புண், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்த அளவு கிரியாட்டினினும் ஏறியிருந்தது. மூன்று நாள் டிரிப்ஸ்.

ஆப்காரர்களிடம் கேட்டால் முதலில் "புகார் பதிவாகிவிட்டது". அப்புறம் "டாக்டர் எங்கள் ஊழியர் இல்லை". கடைசியாக "அளந்து கொடுத்தது நீங்கள்தானே மேடம்". 14,600 ரூபாய் பில்லை அனுப்பினேன். அடுத்த ஆலோசனைக்கு 100 ரூபாய் கூப்பன் வந்தது.

டோஸ் கூடிவிட்டால் என்ன செய்வது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. வாந்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே ஓடுங்கள். முதல் ஓரிரு மணி நேரத்துக்குள் போனால் டாக்டரே ஊசி போட்டு வாந்தி எடுக்கவைக்க முடியும். பாட்டில், சீட்டு, எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்ற கணக்கு, எல்லாம் கையில் இருக்கட்டும். உப்புத் தண்ணீர் புகட்டச் சொல்வார்கள், கூடவே கூடாது, உயிருக்கே ஆபத்து. வலிக்கிறதே என்று மனிதர் மாத்திரை எதையும் தராதீர்கள். சாட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், என் சாட்டை அழித்துவிட்டார்கள்.

நாளை மறுபடி ரத்தப் பரிசோதனை. தயிர்சாதம் வைத்தேன், முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.