அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.எச். (பொது சுகாதார முதுகலைப் படிப்பு): இரண்டு வருடம் படித்துவிட்டு எழுதும் விமர்சனம்

போன மாதம்தான் ஆய்வேட்டைக் கொடுத்து முடித்தேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். சேருவதற்கு முன்னால் நான் தேடியபோது கிடைத்ததெல்லாம் விளம்பரம் மாதிரிதான் இருந்தது, படித்தவர்கள் உட்கார்ந்து எழுதியது ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அரசு நடத்துவது, பழைய கட்டடம், கட்டணம் தனியாரோடு ஒப்பிட்டால் நன்றாகவே குறைவு, அது போதும்.

முதலில் ஒரு விஷயம். பொது சுகாதாரம் படித்தால் டாக்டர் ஆகலாம் என்று இன்னமும் சிலர் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். ஆக முடியாது. எங்கள் வகுப்பில் ஏற்கெனவே டாக்டர்களாக இருந்தவர்கள், நர்சுகள், பல் மருத்துவர்கள், சமூகப்பணி படித்தவர்கள், புள்ளியியல் படித்த ஒருவர் என்று கலவையாக இருந்தோம். அதில் ஆரம்பத்தில் ரொம்பத் திணறியது டாக்டர்கள்தான். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு நோயாளியைப் பார்த்தே பழகியவர்களிடம் "நோயாளியே கிடையாது, ஊர்தான் நோயாளி" என்று சொன்னால் கொஞ்சம் எரிச்சல் வரத்தானே செய்யும்.

முதல் செமஸ்டரில் எபிடெமியாலஜி (நோய் யாருக்கு, எங்கே, ஏன் பரவுகிறது என்று பார்க்கும் பாடம்) எடுத்த பேராசிரியருக்காகவே இந்தப் படிப்புக்கு இரண்டு நட்சத்திரம் கூடக் கொடுக்கலாம். 1854 லண்டன் காலரா கதையை எல்லோரும் எடுப்பார்கள்: ஜான் ஸ்னோ என்ற டாக்டர் வரைபடத்தில் சாவுகளைக் குறித்தார், பிராட் தெரு அடிபம்பைக் கண்டுபிடித்தார், கைப்பிடியைக் கழற்ற வைத்தார், முடிந்தது. இவர் அங்கிருந்துதான் ஆரம்பித்தார். "பம்புக்குப் பக்கத்திலேயே இருந்தும் சாகாதவர்கள் யார்?" என்று கேட்டார். பக்கத்து மதுபான ஆலைத் தொழிலாளிகள். அவர்களுக்குக் குடிக்க பீர் கிடைத்தது, ஆலைக்குள்ளேயே தனிக் கிணறும் இருந்தது. அப்புறம், கைப்பிடியைக் கழற்றிய நேரத்தில் நோய் ஏற்கெனவே இறங்கு முகத்தில்தான் இருந்தது என்பதை ஸ்னோவே ஒத்துக்கொண்டார் என்று சொல்லி, "அப்படியானால் கைப்பிடி எதை நிரூபித்தது?" என்று கேட்டுவிட்டு மணி அடித்ததும் போய்விட்டார். அன்று யாரும் சாப்பிடப் போகவில்லை, அங்கேயே நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ், அதாவது மருத்துவப் புள்ளியியல், பயமுறுத்தும், ஆனால் ஓடிப்போக வேண்டியதில்லை. எனக்குக் கணக்கு வராது. ஒரே ஒரு கணக்கில்தான் மாறினேன். ஆயிரம் பேரில் 10 பேருக்கு ஒரு நோய் இருக்கிறது. பரிசோதனை, நோய் உள்ளவர்களில் 90 சதவீதம் பேரைச் சரியாகப் பிடிக்கும், நோய் இல்லாதவர்களில் 90 சதவீதம் பேரை இல்லை என்று சரியாகச் சொல்லும். உங்களுக்குப் பாசிட்டிவ் வந்தால் நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? வகுப்பே 90 என்று கத்தியது. போட்டுப் பாருங்கள்: நோயுள்ள 10 பேரில் 9 பேருக்கு பாசிட்டிவ், நோயில்லாத 990 பேரில் 99 பேருக்கும் பாசிட்டிவ், ஆக 108 பேரில் நிஜமாக நோய் இருப்பது 9 பேருக்கு. நூற்றுக்கு எட்டு சொச்சம்! அதற்கப்புறம் "எல்லோருக்கும் முழு உடல் பரிசோதனை" என்ற விளம்பரத்தை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

களப்பணி. இதுதான் அரசுப் பல்கலைக்கழகத்தின் உண்மையான பலம் என்று நினைக்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையங்களோடும் சுகாதாரத் துறையோடும் ஏற்கெனவே தொடர்பு இருப்பதால் கதவு திறக்கிறது. சுகாதாரத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே வந்து வகுப்பெடுத்த ஒருவர், தொற்று பரவினால் லைன் லிஸ்ட் (யாருக்கு, எப்போது, எங்கே வந்தது என்று ஆளுக்கு ஒரு வரியாக எழுதும் பட்டியல்) போடுவது எப்படி, நாள்வாரியாகக் கட்டம் வரைந்தால் ஒரே திமில் வருகிறதா அலை அலையாக வருகிறதா, ஒரே திமில் என்றால் பெரும்பாலும் எல்லோரும் ஒரே இடத்தில் வாங்கிக்கொண்டது, அலை என்றால் ஆளுக்கு ஆள் பரவுவது, இதையெல்லாம் புத்தகம் திறக்காமலே சொல்லிக் கொடுத்தார். வீடு வீடாகப் போன கணக்கெடுப்பில் நான் வாங்கிய அடியும் நல்ல அடிதான். "சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவீர்களா?" என்று கேட்டேன், அத்தனை வீட்டிலும் ஆமாம். பெருமையாகக் கொண்டு வந்து காட்டினால் மேற்பார்வையாளர் சிரித்துவிட்டு, "கை கழுவும் இடத்தைக் காட்டுங்கள் என்று கேட்டுப் பார்" என்றார். மறுபடி போனேன். பாதி வீடுகளில் அந்த இடத்தில் சோப்பே இல்லை. மக்கள் பொய் சொல்லவில்லை, நான் கேட்ட விதம் அப்படி.

இனி குறைகள். ஆய்வேட்டுக்கு எத்திக்ஸ் கமிட்டி (ஆய்வில் கலந்துகொள்பவர்களுக்குத் தீங்கு வராமல் பார்க்கும் குழு) ஒப்புதல் வர ஐந்து மாதம் ஆனது. கமிட்டியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அமெரிக்காவின் டஸ்கிகீயில் ஓர் ஆய்வுக்காக 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களுக்கு சிபிலிஸ் சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்ததைப் படித்தவன் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் அஞ்சலில் ஒரு படிவம் ஆறு வாரம் கிடப்பதற்கும் நெறிமுறைக்கும் என்ன சம்பந்தம்? வினாப்பட்டியலில் ஒரு கேள்வியை மாற்றினாலும் முதலிலிருந்து க்யூ. அடுத்து, கம்ப்யூட்டர் லேப். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் நான்கு கணினிகளில்தான் இருந்தது, அதிலும் ஒன்று எப்போதும் அப்டேட் ஆகிக்கொண்டே இருக்கும். நான் கடைசியில் அதே வேலையைச் செய்யும் ஆர் (R) என்ற கணினி மொழியை வீட்டில் நானே கற்றுக்கொண்டேன், அது இலவசம், வேலைக்கான நேர்காணல்களிலும் அதைத்தான் கேட்டார்கள். சுகாதாரப் பொருளாதாரம் என்ற பாடம் அட்டவணையில் மட்டும் இருந்தது, எடுக்க ஆள் இல்லை, ஒரு மூத்த மாணவர் ஸ்லைடுகளைப் படித்துக் காட்டினார்.

வேலை பற்றி எல்லோரும் கேட்கிறீர்கள். கிடைக்கிறது, ஆனால் பெரும்பாலும் திட்டம் இருக்கும்வரைதான், நிதி முடிந்தால் வேலையும் முடியும். புள்ளிவிவரம் கையாளத் தெரிந்தவர்களுக்குச் சீக்கிரம் கிடைத்தது, மற்றவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

சேருவதானால் விண்ணப்பிப்பதற்கு முன்பே நேரில் போய், இரண்டாம் வருட மாணவர்கள் யாரையாவது பிடித்து, களப்பணி எத்தனை வாரம், கமிட்டி ஒப்புதல் எத்தனை மாதம், எந்தப் பாடத்துக்கு இப்போது ஆசிரியர் இல்லை, இந்த மூன்றையும் கேளுங்கள். துறைத் தலைவரிடம் கேட்டால் கையேட்டைத் தருவார்கள்.

என் மதிப்பெண் 5க்கு 3.5. அரை மதிப்பெண்ணை அலுவலகத்துக்காகப் பிடித்து வைத்திருக்கிறேன். தற்காலிகச் சான்றிதழ் கேட்டு இன்றோடு நான்காவது தடவை, "அடுத்த வாரம் வாங்க" என்கிறார்கள். வந்ததும் இங்கே திருத்திவிடுகிறேன்.