காயவைத்து விற்பதா, பிழிந்து விற்பதா? மண்டபம் கடற்பாசிக் கணக்கு

மண்டபம், பாம்பன் பக்கம் ‘பெப்சி பாசி’ என்று சொன்னால் போதும். கப்பாஃபைகஸ் என்ற பாசியை 2000-களின் தொடக்கத்தில் பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் வளர்க்க வைத்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. இன்றும் அதைக் காயவைத்து கிலோ கணக்கில் விற்பதுதான் வழக்கம். ஊரிலேயே பிழிந்து திரவ உரமாக விற்றால் கட்டுப்படியாகுமா?

முதலில் காயவைக்கும் கணக்கு. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில் 60 கிலோ விதைப்பாசி கட்டினால் 45 நாளில் சுமார் 260 கிலோ வரும். மறு விதைக்கு 60 போக மிச்சம் 200. ஒருவருக்கு 45 மிதவை இருந்தால் தினம் ஒன்று அறுக்கலாம். ஆனால் 10 கிலோ ஈரப்பாசி காய்ந்தால் 1 கிலோதான், ஆக அந்த 200 கிலோவும் 20 கிலோவாகச் சுருங்கிவிடுகிறது. வெயிலுக்குக் காசில்லை, சரக்கு சீக்கிரம் கெடாது, வாங்க ஆள் இருக்கிறது. மழை பிடித்துக்கொண்டால் மட்டும் பாடு.

இப்போது பிழிவது. வெயிலில் ஆவியாக விடுகிறோமே, அந்தத் தண்ணீரோடு சேர்ந்ததுதான் உரச் சாறு. ஈரப்பாசியை அரைத்துச் சாற்றைத் தனியே எடுத்துக்கொண்டு, சக்கையைக் காராஜீனன் (உணவைக் கெட்டியாக்கச் சேர்க்கும் பாசிப் பசை) எடுக்க அனுப்பும் முறையை மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. 200 கிலோவில் பாதிதான் சாறு என்று குறைத்து வைத்தாலும் 100 லிட்டர். காய்ந்த பாசியின் கிலோ விலையில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு லிட்டருக்குக் கிடைத்தாலே அந்த 20 கிலோவின் பணம் வந்துவிடும், சக்கை தனி வருமானம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாற்றோடு உப்பும் பொட்டாசியமும் போய்விடுவதால் காய்ந்த சக்கையின் எடை குறையும், எடைக்குத்தான் காசு என்கிற சந்தையில் அது பாசி வளர்க்கும் பெண்களின் கையைத்தான் கடிக்கும். சக்கைக்கு எடையைப் பார்க்காமல் காராஜீனன் அளவைப் பார்த்து விலை போட வேண்டும், இதை முதல் நாளே பேசிவிட வேண்டும்.

அப்புறம் இந்தச் சாறு யூரியாவுக்கு மாற்று இல்லை. தழைச்சத்தும் மணிச்சத்தும் சொற்பம். சாம்பல் சத்தும் வளர்ச்சி ஊக்கிகளும்தான் இதன் பலம். இலையில் 5 சதவீதக் கரைசலாகத் தெளித்தால் 200 லிட்டர் டிரம்முக்கு 10 லிட்டர் சாறு வேண்டும். அவ்வளவு கனமான சரக்கைத் தூரத்துக்கு அனுப்பினால் லாரி வாடகையே லாபத்தைத் தின்றுவிடும். பக்கத்திலேயே முண்டு மிளகாய் போடும் இராமநாதபுரம் விவசாயிகள் இருப்பது பெரிய வசதி. ஆனால் சாறு புளித்துப்போகும், பதப்படுத்தும் செலவு தனி.

பெரிய தடை சட்டம். 2021-இல் உரக் கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்தி கடற்பாசிச் சாற்றையும் உயிர் ஊக்கிகள், அதாவது பயிர் வளர்ச்சியைத் தூண்டும் பொருள்கள் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஆய்வக அறிக்கை, வயல் சோதனை என்று காட்டிப் பதிவு வாங்காமல் விற்க முடியாது. போலிச் சரக்கைத் தடுக்க இது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்த ஒரு சுய உதவிக் குழு இந்தச் செலவை எங்கே தாங்கும்?

கரையில் ஒதுங்கும் கட்டக்கோரை என்ற பழுப்புப் பாசியை மட்கவைத்துத் தென்னைக்குப் போடுவது மூன்றாவது வழி. சொந்தத் தோப்புக்குச் சரி, வருமானம் என்று நம்ப முடியாது. மன்னார் வளைகுடாத் தீவுகளில் போய்ப் பறிக்கலாம் என்றால் அது தேசியப் பூங்கா.

என் கணிப்பில், தனியாக ஒரு குழு பாட்டிலில் அடைத்து விற்கக் கிளம்புவது நஷ்டம். ஊரில் பிழியும் வேலையை மட்டும் வைத்துக்கொண்டு, பதிவு உள்ள ஆலைக்குச் சாற்றை லிட்டர் கணக்கில் கொடுப்பது நடக்கக்கூடியது. பல ஊர்க் குழுக்கள் ஒரே உற்பத்தியாளர் நிறுவனமாகி ஒரே பதிவை வாங்கினால் இன்னும் நல்லது. ஆனால் 2012-13-க்கு அடுத்து கடல் சூடேறி பாசி மொத்தமாக அழிந்ததை மறக்கக் கூடாது. காயவைத்து விற்பவருக்கு அன்று பருவம் போனது, இயந்திரக் கடன் இருந்தால் தவணையும் கழுத்தைப் பிடித்திருக்கும். ஆலையிடம் லிட்டர் விலையை எழுத்தில் வாங்காமல் அந்தக் கடனில் கையெழுத்துப் போடாதீர்கள்.