உப்புத் தொட்டியா, பேட்டரியா? மானூர்க் காட்டுக்கு எது கட்டுபடியாகும்?

திருநெல்வேலிப் பக்கத்து மானூரின் வறண்ட நிலத்தில் வெயிலில் மின்சாரம் எடுத்து இரவுக்கும் வைக்க இரண்டு வழி. கண்ணாடிகளால் வெயிலைக் கோபுர உச்சியில் குவித்து, உப்பைச் சூடேற்றிச் சேமித்து, ராத்திரியில் மின்சாரம் எடுப்பது ஒரு வழி. பேனல் போட்டுப் பேட்டரியில் நிரப்புவது இன்னொன்று. விலையில் வாதாட ஒன்றுமில்லை: 2010க்குப் பிறகு பேனல் மின்சாரத்தின் செலவு உலக அளவில் சுமார் 90 சதவீதம் இறங்கிவிட்டது, குவிவெயில் எனப்படும் கண்ணாடி வழிக்கு 70தான். மேகம் மறைத்தாலும் பேனல் கொஞ்சம் தரும், கண்ணாடி தராது. சாரல் மாதங்களில் மேற்கே பார்த்தாலே இது புரியும்.

பேட்டரிப் பக்கம் நான் சாய்வதற்குக் காரணம் பழுதுதான். உப்பு என்பது 60 பங்கு சோடியம் நைட்ரேட், 40 பங்கு பொட்டாசியம் நைட்ரேட். 240 டிகிரிக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும் என்பதால் குழாய், வால்வு எல்லாவற்றிலும் ஹீட்டர் கம்பி சுற்றியாக வேண்டும். அதையாவது சமாளிக்கலாம். 565 டிகிரித் தொட்டியின் அடித்தகடுதான் தீராத தலைவலி. சூடேறும்போது அது விரியப் பார்க்கும்; மேலே உப்பின் எடை, கீழே அஸ்திவாரத்தின் உராய்வு, இரண்டும் பிடித்து இழுக்கும். தகடு நெளிந்து வெல்டிங்கில் விரிசல் விழும். ஒழுகினால் உப்பு முழுவதையும் வெளியேற்றி, தொட்டியை ஆறவிட்டு, வெட்டி ஒட்ட வேண்டும். நெவாடாவின் 110 மெகாவாட் கிரெசன்ட் டியூன்ஸ் ஆலை 2016இல் மாதக்கணக்கில் படுத்தது தொட்டி ஒழுகித்தான். மொராக்கோவின் நூர் 3 ஆலைக்கு 2024இல் அதே கதி.

பேட்டரியில் ஒரு ரேக் (அடுக்கு) போனால் அதைப் பிரித்துவிட்டு மிச்சத்தை ஓட்டலாம். ஆனால் கத்திரி வெயிலில் பேட்டரி வைத்த கன்டெய்னரின் ஏசி தின்னும் மின்சாரத்தையும், வருஷா வருஷம் குறையும் கொள்ளளவையும் முதல் கணக்கிலேயே சேர்த்துவிட வேண்டும்.

அடுத்த தலைமுறையில் உப்புக்குப் பதில் மணல் மாதிரி பீங்கான் துகள், 700 டிகிரிக்கு மேல் சூடு, நீராவிக்குப் பதில் அழுத்திய கார்பன் டை ஆக்சைடில் சுற்றும் டர்பைன். துகள் உறையாது, அது நிஜமான லாபம். டர்பைனின் இலக்கு 50 சதவீதத் திறன். சுற்றி வரும் வாயுவை மறுபடி அழுத்தும் கம்ப்ரசருக்குள் அது 31 டிகிரியை ஒட்டிப் போனால் திறன் கூடும். பாளையங்கோட்டையில் சித்திரை மதியம் காற்றே 38ஐத் தாண்டும்போது காற்றால் எப்படி அவ்வளவு குளிர்விப்பது? தாமிரபரணித் தண்ணீரை விடலாம் என்பவர்கள் அதைக் கார் நடவு நேரத்தில் கடைமடைக்காரரிடம் போய்ச் சொல்லட்டும். அந்தச் சூட்டுக்கு நிக்கல் கலவைக் குழாய் வேண்டும், அதன் விலையே வேறு. துகளில் ஓடும் வணிக ஆலை இன்னும் இல்லை என்பதால் இதெல்லாம் காகிதக் கணக்குதான்.

பத்து மணி நேரச் சேமிப்பில் உப்பு ஜெயிக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே வைகாசி முதல் புரட்டாசி வரை ராத்திரியிலும் காற்றாலை சுற்றுகிறது. விளக்கு வைத்த பிறகு நாலு மணி நேரம் தாங்கினால் போதும். ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை பிடித்தால் இரண்டுமே கையை விரித்துவிடும். அன்றைக்குக் கூடங்குளம்தான்.