விரலில் மாட்டும் ரிட்ராக்டர்: சில வருஷப் புழக்கத்துக்குப் பிறகு

பெருநகர மருத்துவமனைகளில் தோலை விலக்கிப் பிடிக்கவே ஓர் ஆள் நிற்பார். கிருஷ்ணகிரியில், நெடுஞ்சாலை விபத்தில் உதடு கிழிந்து ராத்திரி ஒருவர் வந்தால் தியேட்டரில் நானும் சிஸ்டரும்தான். அவர் ரத்தத்தை உறிஞ்சுவாரா, நூலை வெட்டுவாரா, தோலைப் பிடிப்பாரா? அதற்காகத்தான், விரலிலேயே மாட்டிக்கொண்டு தோலை விலக்கிப் பிடிக்கும் இந்த ரிட்ராக்டரை வாங்கினேன்.

பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. பின்பக்கம் திறந்த ஸ்டீல் வளையம், நுனியில் உள்நோக்கி வளைந்த இரண்டு சின்னக் கொக்கிகள். கையுறைக்கு மேல் இடது நடுவிரலில் ஏற்றிக்கொண்டால், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஃபோர்செப்ஸ் (இடுக்கி) பிடிக்கக் கிடைக்கும்.

இதன் அருமை உதட்டுத் தையலில் தெரியும். உதட்டுச் சிவப்பும் தோலும் சேரும் கோடு 1 மில்லிமீட்டர் விலகினாலும் எதிரில் உட்கார்ந்து பேசுபவர் கண்ணில் பட்டுவிடும். அந்தக் கோட்டைச் சேர்க்கும் தையல்தான் முதலில் விழ வேண்டும். ஃபோர்செப்ஸால் அழுத்திப் பிடித்தால் விளிம்பு நசுங்கும்; நசுங்கின விளிம்பு நன்றாக ஆறாது. கொக்கி நசுக்காமல் தூக்கும். முதல் உலகப்போரில் முகம் சிதைந்த சிப்பாய்களைச் சீராக்கிய ஹரோல்ட் கில்லீஸ் என்ற சர்ஜன் பெயரிலேயே ஒரு ஸ்கின் ஹூக், அதாவது தோல் கொக்கி, உண்டு, அதனால் கொக்கி ஒன்றும் புதுச் சங்கதி இல்லை. ஆனால் காம்பு வைத்த கொக்கியை இன்னொருவர் பிடிக்கும்போது, எவ்வளவு இழுக்கிறார் என்று எனக்குத் தெரியாது. இதில் இழுவை என் விரலுக்கே தெரிகிறது. தோல் வெளுக்கத் தொடங்கினால் மடக்கிய விரலைத் தளர்த்தினால் போதும், யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

சரி, தொல்லைகள். இரட்டைக் கையுறை இல்லாமல் இதை மாட்டவே கூடாது. கூர்முனை நம் விரலை ஒட்டியே இருக்கிறது, ரத்தம் வழியே தொற்றும் ஹெபடைட்டிஸ் பி பயம் சும்மா இல்லை. இரட்டைக் கையுறை போட்டால் வளையம் இறுகி, நேரம் ஆக ஆக விரல் மரத்துப்போகும். மின்சாரத்தால் சுட்டு ரத்தத்தை நிறுத்தும் மோனோபோலார் காட்டரி முனை கொக்கியில் பட்டால், கையுறையில் ஊசித்துளை இருந்தால்கூட விரல் சுட்டுவிடும். இதை மாட்டியிருக்கும்போது நான், தன் இரு முனைகளுக்கு நடுவில் மட்டும் மின்சாரம் ஓடும் பைபோலார்தான் எடுப்பேன். அப்புறம், இவ்வளவு சின்னப் பொருளைச் சிஸ்டர் கருவிக் கணக்கில் சேர்த்தே ஆகவேண்டும், இல்லையென்றால் துணியோடு துணியாகப் போய்விடும்.

நீராவியில் கிருமி நீக்கும் 121 டிகிரி ஆட்டோகிளேவில் எத்தனை முறை வெந்தும் ஸ்டீலுக்கு ஒன்றும் ஆகவில்லை. முனைதான் மழுங்குகிறது, சில சமயம் பிசிறு எழுகிறது. கழுவியதும் காஸ் துணிமேல் இழுத்துப் பார்ப்போம். துணி நூல் முனையில் சிக்கினால் அந்த ரிட்ராக்டர் ஓரமாகப் போய்விடும்.

ஆழமான இடத்துக்கு இது ஆகாது. கை விரல் மெஷினில் சிக்கி நசுங்கிய கேஸ் ஓசூர் பக்கமிருந்து வந்தால் பெட்டியிலிருந்தே எடுப்பதில்லை. அங்கே நிலையாக நிற்கும் ரிட்ராக்டர்தான் வேண்டும். கண் இமைத் தையலுக்கும் இந்த இரட்டைக் கொக்கி அகலம் அதிகம். அடுத்து வாங்கினால் ஒற்றைக் கொக்கி வைத்ததாகப் பார்த்து வாங்க வேண்டும், வளையமும் ஒரு சைஸ் பெரிதாக.